பனிக்குடத்திற்குப் பெயர் உண்டு

போற்றித் திருவகவலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாம் ஓரிடத்தில் சற்று நின்றுவிடுவது வழக்கம். மாணிக்கவாசகர் கருவின் மாதங்களை வரிசையாக எண்ணிக்கொண்டு போகும் இடம் அது. ஒவ்வொரு மாதத்திற்கும் ஓர் இடர். ஒவ்வொன்றிலிருந்தும் உயிர் பிழைத்து அடுத்த மாதத்திற்கு வந்து சேர்கிறது. தாயின் வயிறு என்பது பாதுகாப்பின் மறுபெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு, அது தப்பிப் பிழைத்தலின் தொடர்கதை என்ற எண்ணமே புதிதாக இருக்கும். அப்பகுதி முழுக்கக் கருவின் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது. சுமக்கிறவள் என்ன உணர்ந்தாள், எதைச் சொன்னாள், எதைச் சொல்லாமல் விழுங்கினாள் என்பது அங்கே இல்லை. பக்தி அகவலில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் வேறு இடங்களிலும் அது இல்லை என்பதுதான் நம் கவலை.

அந்த அகவலை நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் கழித்துக் கைக்குழந்தையோடு நம்மைப் பார்க்க வந்திருந்தாள். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. கருவுற்ற 31ஆம் வாரத்தில், ஒரு மாலைப்பொழுதில் உள்ளாடை நனைந்திருக்கிறது. சிறுநீராக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். மறுநாளும் நனைந்தது. மாமியாரிடம் பட்டும் படாமலும் சொன்னபோது, "வெள்ளபடுதும்மா, ஒடம்பு சூடு. எளநி குடி, சரியாப்பூடும்" என்று அவர் அன்போடுதான் சொல்லியிருக்கிறார். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே கசிவின் மணம் மாறியிருந்ததையும் மாதாந்திரப் பரிசோதனையில் இவள் எவரிடமும் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்ட பிறகே மருத்துவமனைக்குப் போனாள். பனிக்குடம் உடைந்து இரண்டு நாளாகியிருந்தது. குழந்தை பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தது.

"முன்னாடியே ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டோம். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. அந்த எடத்துக்கு நான் என்ன பேர் சொல்றது?" என்றாள் தமிழில் பட்டம் பெற்ற அந்தப் பெண்.

இலக்கியம் பேசுகிறவர்களுக்கு மகப்பேற்று மருத்துவத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டால், அந்தக் கேள்விதான் நம் மறுமொழி. நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் ஒரு சொல் இல்லாமற் போனதால் ஓர் உயிர் விளிம்புவரை சென்று திரும்பியிருக்கிறது என்றால், சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அதில் பங்குண்டு என்றே கருதுகிறோம்.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கருவையும் அது மிதக்கும் நீரையும் தாங்கியிருக்கும் பனிக்குடம், இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒட்டி அமைந்தது. அதன் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரத இழைகள். நிறைமாதத்தில் வலி எடுத்த பிறகு அது உடைவதே பெரும்பாலும் நிகழ்வது. 37 வாரங்கள் நிறையுமுன், வலியும் தொடங்காமல், அது உடைந்துவிடுவது 100 கர்ப்பங்களில் ஏறத்தாழ 3இல் நேர்கிறது. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் குறைமாதப் பிறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. இரட்டைக் கரு, மிகுந்த பனிநீர், கருப்பைவாய் குறுகிய நீளமுடையதாக இருத்தல், கர்ப்பகால உதிரப்போக்கு, புகைப்பழக்கம், முந்தைய பேற்றிலும் இவ்வாறே நேர்ந்திருத்தல் எனக் காரணங்கள் பல. எந்தக் காரணமும் புலப்படாத நேர்வுகளும் பல. இவற்றோடு, கடந்த இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் மிகுதியாகக் கவனித்துவரும் இன்னொன்றும் உண்டு. அது பிறப்பு வழியில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம்.

'கிருமி' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லா நுண்ணுயிர்களையும் அடைத்துவிட்ட நமக்கு, இங்கே முதல் தடுமாற்றம் நேர்கிறது. 1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் நலமான பெண்களின் பிறப்பு வழியில் கோல்வடிவ நுண்ணுயிர்களைக் கண்டு விவரித்தார். பின்னாளில் லாக்டோபேசிலஸ் என்று அறியப்பட்ட அவை, நம் அடுக்களையில் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு உறவுக்காரர்கள். பெண்ணின் உடல் ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் அங்கே கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. அது சிதைந்து சர்க்கரையாகிறது. இந்நுண்ணுயிர்கள் அதை உண்டு லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. மோரின் புளிப்பும் இதே அமிலம்தான். இப்புளிப்பு இருக்கும்வரை தீங்கு செய்யும் பிற நுண்ணுயிர்கள் எளிதில் பெருக இயலாது. கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் உயர்வதால் இக்காவல் இன்னும் உறுதிப்படுவதே பெரும்பாலும் இயல்பு. அதாவது, அங்கே இருக்கும் 'கிருமி'யே கதவுக்காவலர்.

இக்காவல் தளரும்போது கார்ட்னெரெல்லா முதலிய, காற்றில்லா இடத்தில் வாழும் பலவகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. புளிப்புக் குறைகிறது; மணம் மாறுகிறது; சிலரிடம் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. இதை மருத்துவர்கள் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பர். இவற்றுள் சில கருப்பைவாயைக் கடந்து மேலேறினால், உடல் அவற்றை எதிர்த்து அழற்சியைக் கிளப்புகிறது. அந்தப் போரில் வெளிப்படும் நொதிகள் கொலாஜன் இழைகளையும் அறுக்கின்றன. பனிக்குடத்தின் சுவர் மெலிந்து ஒருநாள் விட்டுப்போகிறது. வெளியிலிருந்து எவரும் குத்தவில்லை, விழவில்லை, பாரம் தூக்கவில்லை. "நீ என்ன செய்தாய்?" என்று அந்தப் பெண்ணை வீடே கேட்கும்போது, அவள் எதுவும் செய்யவில்லை என்பதை அறிந்து சொல்ல ஒருவராவது வேண்டாமா?

இதற்குச் சான்று உண்டா என்றால் உண்டு. ஆனால் அளவோடு உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே பனிக்குடம் உடைந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரிடம் உடைவதற்கு முன்பே நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்திருந்தது. அவ்வாறு குலைந்திருந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் குருதித் தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடியிருந்தது. மீதி இரண்டு பங்கினரிடம் அத்தகைய குலைவு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நுண்ணுயிர் ஒரு காரணம், ஒரே காரணமன்று.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. பனிக்குடம் உடைந்தவுடன் எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுப்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. 4,826 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2001இல் வெளிவந்த ஆரக்கிள் என்னும் பெரும் சோதனை அதற்கு அடிப்படை. குழந்தைக்கு அதனால் நன்மை உண்டு என்று அச்சோதனை காட்டியது. அதே சோதனையில் இடம்பெற்ற கோ-அமாக்சிக்ளாவ் குழந்தையின் குடலுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்றும் தெரிந்ததால் அது விலக்கப்பட்டது. ஆனால் எரித்ரோமைசினும்கூட, லாக்டோபேசிலஸ் நிறைந்திருந்த பெண்களிடம் அந்தக் காவலர்களையே குறைத்துவிடுவதை லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர். மருந்து வேண்டாம் என்பதன்று இதன் பொருள். மருத்துவர் கொடுப்பதை மறுக்கவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே மருந்து என்பது முடிந்த முடிவன்று என்பதே பொருள்.

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதித்து முன்கூட்டியே மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் 84,530 பெண்களைத் தொடக்க மாதங்களிலேயே சோதித்து, குலைவு கண்டவர்களில் ஆபத்துக் குறைந்தோருக்கு கிளிண்டாமைசின் கொடுத்து ஒப்பிட்ட பிரமேவா ஆய்வு 2018இல் வெளிவந்தது. கருச்சிதைவோ மிகக் குறைமாதப் பிறப்போ அதனால் குறையவில்லை. தொடர்பு இருக்கிறது என்று அறிவது வேறு. அதைத் திருத்தத் தெரிவது வேறு. இந்த இடைவெளியில்தான் வாசனைத் திரவங்களும் 'உள்ளுறுப்புத் தூய்மை' என்ற பெயரில் விற்கும் கழுவல்களும் நுழைந்துகொள்கின்றன. உட்புறத்தைக் கழுவுவது காவலர்களைத்தான் வெளியேற்றும். இது அழுக்கின் நோயன்று. இதைச் சுத்தத்தோடு சேர்த்துப் பேசுவது அறியாமை மட்டுமன்று, அவமதிப்பும் ஆகும். அறிகுறி உள்ளவளுக்கு முறையான மருத்துவம் வேண்டும், அவ்வளவே. தயிர் பற்றிய நம் உவமையை எவரும் கைவைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு கேள்வி 'இயல்பு' என்பது பற்றியது. 2011இல் ஜாக் ராவல் குழுவினர் வட அமெரிக்காவில் வாழும் 396 பெண்களை ஆராய்ந்து, இந்நுண்ணுயிர்க் கூட்டத்தை ஐந்து வகையாகப் பிரித்தனர். நான்கு வகைகளில் லாக்டோபேசிலஸின் ஏதேனும் ஓர் இனம் மேலோங்கியிருந்தது. ஐந்தாவதில் பல இனங்கள் கலந்திருந்தன. வெள்ளையினப் பெண்களில் 10 விழுக்காட்டினரிடமே அக்கலப்பு வகை காணப்பட, கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. அவர்கள் அனைவரும் நலமாக இருந்தவர்களே. எனில் எது நலம், எது குலைவு? ஓரினத்தின் இயல்பை அளவுகோலாக்கி மற்றோரின் உடலை நோயென்று தீர்ப்பது எவ்வளவு எளிது என்பதை, இலக்கணத்தில் 'வழு' என்ற சொல்லோடு பழகிய நாம் அறிவோம்.

நம் பெண்களின் உடலை நம் நாட்டிலேயே ஆராய வேண்டும் என்பது இதனால்தான். அத்தகைய முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2015 மே மாதம் குருகிராம் அரசு மருத்துவமனையில் 'கர்ப் இனி' என்னும் தொடராய்வு தொடங்கியது. ஃபரிதாபாத்திலுள்ள மாற்றியல் சுகாதார அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் முன்னின்று நடத்தும் இதில் ஏறத்தாழ 8,000 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். பிறப்பு வழியின் நுண்ணுயிர் மாதிரிகளும் திரட்டப்பட்டன. அதன் தரவுகளைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்து, கருவின் வயதைக் கணிக்க இந்தியப் பெண்களுக்கென்றே ஒரு முறையை 2024இல் வெளியிட்டனர். மேலைநாட்டுத் தரவிலிருந்து வந்த பழைய சூத்திரத்தைவிட இதில் பிழை ஏறத்தாழ மூன்று மடங்கு குறைவு என்றார்கள். மாதக் கணக்கு பிழைத்தால் குறைமாதம் எது, நிறைமாதம் எது என்பதே பிழைத்துப்போகும் அல்லவா? ஆயினும் குருகிராமின் பெண்ணும் பெரும்பாக்கத்துப் பெண்ணும் ஒரே உணவு, ஒரே நீர், ஒரே வாழ்க்கை உடையவர் அல்லர். இங்கும் அத்தகைய நெடுந்தொடர் ஆய்வு வேண்டும் என்பது நம் எண்ணம். 2020இல் உலகில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் 1 கோடியே 34 லட்சம். அவர்களில் 30 லட்சம் பேர் இந்தியக் குழந்தைகள். இவ்வளவு பேரைப் பெற்ற நாடு, பிறர் ஆய்வை எதிர்பார்த்துக் காத்திருப்பது தகாது.

இனி நம் துறைக்கு வருவோம்.

தமிழ் இந்த விஷயத்தில் ஏழையன்று. 'பனிக்குடம்' என்ற சொல்லின் அழகுக்கு ஈடாக வேறு மொழிகளில் என்ன உண்டு என்று நமக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு உரியதற்கு இவ்வளவு அழகான பெயர் வைத்த மொழி, அதற்குக் கீழே இருக்கும் வழிக்கு மட்டும் வாயடைத்துப்போகிறது. 'அல்குல்' என்பது இடையா, இடையின் பக்கமா, பெண்குறியா என்று அறிஞர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை எந்தப் பெண்ணும் மருத்துவரிடம் சொல்ல முடியாது. பாடநூல் கலைச்சொற்களைப் பாருங்கள்: 'கலவிக் கால்வாய்', 'புணர்புழை'. இரண்டும் அவ்வுறுப்பை ஆணின் செயலைக் கொண்டு பெயரிட்டவை. மேலைநாட்டு மருத்துவம் ஆளும் இலத்தீன் சொல்லும் வாளின் உறை என்ற பொருளுடையதுதான். அவர்களும் நம்மைவிட மேலானவர்கள் அல்லர். குழந்தை பிறக்கும் வழியை, பிறப்பைக் கொண்டு அழைக்கும் சொல் கலைச்சொல் அகராதிக்கு ஏன் தோன்றவில்லை? 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது, தலைப்பு ஒன்றுக்காகவே எழுந்த கூச்சலை இலக்கிய இதழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உடலுறுப்பின் பெயரைப் பெண்ணே எழுதினால் ஆபாசம் என்ற அந்தத் தீர்ப்பும், கர்ப்பிணி ஒருத்தி மருத்துவமனை மேசைமுன் தலைகுனிந்து "ஒண்ணுமில்ல" என்று சொல்வதும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்றே நாம் நினைக்கிறோம்.

அதற்கு மாற்றாக மக்கள் வைத்திருக்கும் சொற்கள் இரண்டு: 'வெள்ளைபடுதல்', 'சூடு'. இயல்பான கசிவு, நோய்க் கசிவு, பனிநீர்க் கசிவு ஆகிய மூன்றும் இவ்விரு சொற்களுக்குள் கலந்துவிடுகின்றன. உண்மையில் இவற்றைப் பிரித்தறிய மருத்துவமனையில் மிக எளிய ஒரு வழி உண்டு. பிறப்பு வழி புளிப்புத் தன்மையுடையது, பனிநீர் அப்படியன்று. ஒரு சோதனைத் தாளைத் தொட்டால், பனிநீர் கலந்திருக்கும்போது மஞ்சள் நிறம் நீலமாக மாறும். உதிரமோ தொற்றோ இருந்தால் தாள் ஏமாற்றவும் கூடும் என்பதால் மருத்துவர் வேறு வகையிலும் பார்த்தே உறுதி செய்வார். பார்ப்பதற்கு அவள் அங்கே வந்திருக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

தமிழ்நாட்டில் 2019-21 காலத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு பிறப்புகள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. பெருமைக்குரிய எண். பெற்றுக்கொள்ள அனைவரும் போய்விடுகிறார்கள். துணி நனைந்த முதல் மணிநேரத்தில் போகிறார்களா என்பதை அந்த எண் சொல்வதில்லை. அந்த மணிநேரங்கள் விலை மதிப்பற்றவை. 34 வாரங்களுக்குள் என்றால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் நிறுவிய மருத்துவம் அது. தொற்றைத் தடுக்க வேண்டும். கருவைக் கண்காணிக்க வேண்டும். நம் மாணவி இளநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு நாள்களும் இவற்றுக்கு உரியவை.

பெரும்பாக்கத்தில் இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்லக் காரணம் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக நிற்கும் அந்தக் குடியிருப்புக்கு, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 பெருவெள்ளத்திற்குப் பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. நகரத்தின் நடுவில் இருந்தவரை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் திருவல்லிக்கேணிக் கஸ்தூரிபா மருத்துவமனையும் நடந்தோ ஆட்டோவிலோ போய்ச் சேரும் தூரம். இன்று 20 கிலோமீட்டருக்கும் மேல். தூரம் கூடக் கூட, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்ற சொல்லும் எளிதாக வருகிறது. புலம்பெயர்ந்தபோது அவர்கள் இழந்தது வீட்டை மட்டுமன்று. "எனக்கும் இப்டித்தான் ஆச்சு, ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று சொல்லக்கூடிய பக்கத்து வீட்டு ஆயாவையும்தான்.

இதே பெரும்பாக்கத்தில்தான் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வளாகம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டுச் சொற்களைக் காக்கும் நிறுவனம் ஒரு பக்கம். தன் உடலுக்கு ஒரு சொல் இல்லாமல் தவித்த பெண்ணின் வீடு இன்னொரு பக்கம். இது அந்நிறுவனத்தின் மீதான குறையன்று. அதன் பணி வேறு. தமிழ் படித்த, தமிழ் கற்பிக்கும் நம் அனைவர் மீதான குறை. எத்தனையோ கலைச்சொல் பட்டறைகளில் கணினிக்கும் வானியலுக்கும் சொல் ஆக்கினோம். மகப்பேற்று மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் செவிலியர் கூசாமல் கேட்கவும், எதிரில் இருப்பவள் கூசாமல் விடை சொல்லவும் ஏற்ற சொற்களை ஆக்கினோமா?

நம் பரிந்துரை பெரிதன்று. 'பிறப்பு வழி' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதையே பாடநூலிலும் பரிசோதனை அட்டையிலும் பொதுச்சொல்லாகக் கொள்ளலாம். 'கிருமி' என்பதைத் தீங்கு செய்வதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை 'நுண்ணுயிர்' என்றே பழக்கலாம். ஒவ்வொரு மாதப் பரிசோதனையிலும், "வெள்ளைபடுகிறதா?" என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில், "துணி நனைகிறதா? மணம் மாறியிருக்கிறதா? அரிப்பு உண்டா? அடக்கினாலும் நிற்காமல் கசிகிறதா?" என்று தனித்தனியே கேட்கலாம். தாமே சொல்லட்டும் என்று காத்திருப்பது நம் பண்பாட்டை அறியாதவர் செய்வது. இதற்குப் புதுக் கட்டடமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. இச்சொற்களால் பனிக்குடம் உடையாமல் நின்றுவிடாது என்பதையும் அறிவோம். உடைந்தது என்பதை அன்றே அறிய முடியும். அதுவே பல குழந்தைகளுக்குப் போதுமானதாக இருக்கும்.

வரும் பருவத்தில் போற்றித் திருவகவல் மீண்டும் பாடத்தில் வருகிறது. மாதங்களை எண்ணும் அந்த இடம் முடிந்ததும், இம்முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு வாக்கியங்கள் சொல்வதாக இருக்கிறோம். நீர் கசிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். அது நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே என்ன நேர்ந்தது என்று சொல்லத் தமிழில் சொல் உண்டு. அதைச் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. வகுப்பில் இருக்கும் பையன்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்; நாளை ஆட்டோ பிடிக்க ஓடப்போவது அவர்கள்தாம்.